நண்பர்கள் கூடி ஸ்லாட் கார் ஓட்ட: அனலாக்கா, டிஜிட்டலா?

எங்கள் கூட்டத்தில் போட்டி நடத்தப் பொதுவாக ஒரு டிராக் வாங்கலாம் என்று பேச்சு வந்ததுமே கிளம்பிய சண்டை இது. டிஜிட்டல் செட்டை ஒரு நண்பர் இரவல் கொடுத்தார், ஓட்டிப் பார்த்தோம். கடைசியில் வாங்கியது அனலாக். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், சாய்வோடுதான் எழுதுகிறேன்.

புதியவர்களுக்காகச் சில வரி. ஸ்லாட் கார் என்பது டிராக்கில் உள்ள பள்ளத்தில் (ஸ்லாட்) மாட்டி ஓடும் சின்ன மின்சாரக் கார். ஒவ்வொரு பள்ளமும் ஒரு லேன். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கம்பெனி 1957-இல் கொண்டுவந்த காலத்திலிருந்து அனலாக் ஒரே மாதிரிதான்: ஒரு லேனுக்கு ஒரு கார், ஒரு கன்ட்ரோலர். ட்ரிகரை அழுத்தினால் அந்த லேனின் உலோகப் பட்டைகளில் மின்சாரம் ஏறும், விட்டால் இறங்கும். 2004 வாக்கில் பெரிய கம்பெனிகள் கொண்டுவந்த டிஜிட்டலில் பட்டைகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். எந்தக் கார் எவ்வளவு வேகம் போக வேண்டும் என்ற கட்டளையும் அதே பட்டைகள் வழியாகத்தான் போகும். காருக்குள் இருக்கும் சிப் தனக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இதனால் ஒரே லேனில் பல கார்கள் ஓடலாம். பொத்தானை அழுத்தி லேன் மாறலாம்.

டிஜிட்டலின் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டே லேனில் ஆறு பேர் ஓட்டலாம். முந்தலாம், வழி மறிக்கலாம். பெட்ரோல் தீர்வது போல அமைத்து, அதை நிரப்ப ஓரமாக நிற்கும் பிட்டுக்குள் வரவைக்கலாம். முதல் அரை மணி நேரம் எங்களில் யாருக்கும் அனலாக் நினைப்பே வரவில்லை. முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஊகித்து லேன் மாறுவதில் இருக்கும் திரில் தனி. அனலாக்கில் அது கிடையவே கிடையாது. பக்கத்து லேன்காரரோடு போட்டி என்று பெயர்தான், உண்மையில் கடிகாரத்தோடுதான் போட்டி.

ஆனால் எட்டுப் பேர் கூடி, யார் ஜெயித்தார் என்று வாய்ச்சண்டை இல்லாமல் முடிய வேண்டும் என்றால் கதை வேறு. டிஜிட்டலில் ஒருவர் வளைவில் தடம் புரண்டால் பின்னால் வரும் இரண்டு கார்கள் அதன் மேல் ஏறும். "நீ இடிச்ச", "நீ நடுவுல நின்ன" என்று பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். சிரித்துக்கொண்டே போடும் சண்டைதான், ஆனாலும் புள்ளிப்பட்டியல் என்று ஒன்று வைத்திருந்தால் அது நாறிப்போகும்.

அனலாக்கில் லேன் சுழற்சி என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு டிராக்கை அருகருகே போட்டு நான்கு லேன் ஆக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் நான்கு லேனிலும் தலா மூன்று நிமிடம் ஓட்டுவார்கள். நான்கிலும் சேர்த்து யார் அதிகச் சுற்று (லேப்) போட்டாரோ அவர் முதல். இந்த மூன்று நிமிட ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஹீட். எட்டுப் பேர் என்றால் எட்டு ஹீட், ஓடும் நேரம் மட்டும் 24 நிமிடம். ஒரு நேரத்தில் நான்கு பேர் ஓட்ட, மீதி நான்கு பேர் வளைவுக்கு ஒருவராக நின்று புரண்ட காரை எடுத்து வைப்பார்கள். மார்ஷல் வேலை என்று பெயர். சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று யாரும் இல்லை. கார்களும் லேனோடு கட்டியவை: சிவப்புக் கார் எப்போதும் முதல் லேனில், ஆள்தான் மாறுவார். யாருடைய கார் நல்ல கார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சுழற்சி ஏன் கட்டாயம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிராக்கில் இரண்டு லேனுக்கும் இடையே 78 மில்லிமீட்டர். முழுச் சுற்று ஒன்று வந்தால் வெளி லேன் உள் லேனைவிட ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் நீளம். டிராக் பெரியதோ சிறியதோ, வளைவு எப்படி நெளிந்தாலும் இந்த வித்தியாசம் மாறாது. நான்கு லேனில் முதலாவதுக்கும் கடைசிக்கும் ஒன்றரை மீட்டர். பாலம் வைத்து எட்டு வடிவில் போட்டால் மட்டும் வித்தியாசம் சரியாகிவிடும். ஆனாலும் உள் லேனின் வளைவு இறுக்கமாக இருக்கும், வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எல்லாரும் எல்லா லேனையும் ஓட்டிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ரசனை. எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். கடையில் நிற்கும்போது யாருக்கும் இது தோன்றாது.

ஸ்லாட் காரின் உயிர் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. காரைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பக்கம் ஸ்லாட்டுக்குள் இறங்கும் பிளாஸ்டிக் துடுப்பு, அதுதான் கைடு. அதன் இரண்டு பக்கமும் மெல்லிய செம்பு இழைகளால் பின்னிய பட்டை, பிரெய்ட். மோட்டாருக்கு வரும் அத்தனை மின்சாரமும் அந்த இழைகள் டிராக்கின் பட்டையை உரசும் இடத்தில்தான் ஏறுகிறது. கொஞ்ச நேரம் ஓட்டினாலே இழைகள் கறுத்துவிடும். துணியின் நூல், தலைமுடி, டயர் தூள் எல்லாம் அதில் சிக்கும். ஓரத்தில் ஒரு இழை பிரிந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட். தட்டையாக அமுங்கிப்போனால் பாதி நேரம் பட்டையையே தொடாது. ஹீட்டுக்கு ஹீட் பிரெய்ட்டை விரலால் நீவி, நுனியை லேசாகக் கீழ்நோக்கி வளைத்துவிடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

டிராக்கின் பட்டைகளும் இப்படித்தான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் விடாத துணியால் துடைத்தால் துணியில் கறுப்புக் கோடு விழும். அதைப் பார்த்தால்தான் எவ்வளவு அழுக்கில் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரியும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அப்புறம் துருதான். துண்டுகளை மாட்டிக் கழற்றி மாட்டும்போது இணைப்புகள் தளர்ந்துபோகும். மின்சாரம் ஏறும் இடத்திலிருந்து தூரமாக இருக்கும் வளைவில் எல்லாக் காரும் சோர்ந்து போனால் காரைச் சந்தேகப்படாதீர்கள், இணைப்பைப் பாருங்கள். அடியில் தனி வயர் இழுத்து அந்த இடத்துக்கும் மின்சாரம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இதே அழுக்கும் தளர்வும் அனலாக்கில் என்ன செய்யும்? கார் ஒரு முறை திக்கும், மறுபடி ஓடும். யாருக்கும் புரியும் கோளாறு. எங்கே திக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். டிஜிட்டலில் கட்டளையும் அதே பட்டை வழியாகப் போவதால் ஒரு நொடி தொடர்பு அறுந்தால் சிப் முழித்துக்கொண்டு நிற்கும். லேன் மாறும் துண்டில் இன்னொரு தலைவலி. காரின் அடியில் இருக்கும் சின்ன அகச்சிவப்பு விளக்கை டிராக்கில் உள்ள சென்சார் பார்க்க வேண்டும். இரண்டில் எதன் மேல் தூசி படிந்தாலும் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் கார் நேராகவே போகும். ஓட்டுகிறவர் பொத்தானைத் திட்டுவார், பக்கத்தில் இருப்பவர் ஓட்டுகிறவரைத் திட்டுவார். அழுக்கா, சிப்பா, கன்ட்ரோலரா என்று கண்டுபிடிக்க ஒரே ஆள்தான் உட்கார வேண்டியிருந்தது, இரவல் கொடுத்தவர். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தோம். எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டிய போட்டியில் ஒருவர் மட்டும் மெக்கானிக் ஆகிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓட்டிய டிஜிட்டல் செட் பழையது, அடிக்கடி கழற்றி மாட்டியது. மேஜையில் நிரந்தரமாகப் பொருத்தி, இணைப்புகளைச் சரிசெய்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும் என்றுதான் நினைக்கிறேன். எங்களுடையது ஒவ்வொரு தடவையும் தரையில் விரித்து, முடிந்ததும் பெட்டிக்குள் போகும் டிராக். உங்களிடம் தனி அறை இருந்தால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும்.

கார்கள் விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அனலாக்கில் 1:32 அளவுக் கார் (நிஜக் காரின் நீளத்தில் 32-இல் ஒரு பங்கு) எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும், அதிகம் போனால் கைடு மாற்ற வேண்டியிருக்கும். ஸ்லாட்.இட் காரும் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் காரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். டிஜிட்டலில் கரேரா கம்பெனியின் சிப் ஒரு மொழி, ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் சிப் இன்னொரு மொழி. நண்பர் கையில் ஒரு நல்ல கார் எடுத்துக்கொண்டு வந்தால், சிப் மாற்றாமல் அது நம் டிராக்கில் ஓடாது. சிப் இல்லாத காரை டிஜிட்டல் டிராக்கில் வைத்தே பார்க்காதீர்கள். கன்ட்ரோலர் சொல்பேச்சு கேட்காது, மோட்டார் எரியவும் வாய்ப்புண்டு.

காந்தம் வைத்து ஓட்டுவதா, கழற்றிவிடுவதா என்பது இரண்டு முறைக்கும் பொதுவான சண்டை. காரின் அடியில் இருக்கும் காந்தம் டிராக்கின் பட்டைகளை இழுத்துப் பிடிப்பதால் வளைவில் முழு வேகத்தில் போகலாம், ஆனால் பிடி விட்டால் கார் அறையின் மறுகோடியில்தான் கிடைக்கும். கழற்றினால் வால் வழுக்கும், அதை ட்ரிகரில் அடக்குவதுதான் கலை. புதியவர்கள் வரும் நாளில் காந்தம் இருக்கட்டும், மார்ஷல்களின் முழங்கால் பிழைக்கும்.

மரப்பலகையில் ஸ்லாட் வெட்டிச் செய்யும் டிராக்கைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். இணைப்பே இல்லாததால் நான் மேலே புலம்பியதில் பெரும்பகுதி அங்கே இருக்காது என்பது கணக்குப்படி சரி. நான் ஓட்டியது ஏதோ கொஞ்சம்தான், அதனால் அதற்கு மேல் பேச மாட்டேன்.

இன்னும் மனசு இரண்டாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் இப்போதைய டிராக் துண்டுகள் இரண்டு முறைக்கும் ஒன்றேதான். கரேராவின் 1:32 டிராக்கும் அப்படியே. இன்றைக்கு அனலாக்காக வாங்கிப் போட்டு, பின்னால் ஆசை வந்தால் மின்சாரம் ஏற்றும் தளத்தையும் லேன் மாறும் துண்டுகளையும் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கார் வாங்கும்போது மட்டும் அட்டையில் டிஜிட்டல் சிப் பொருத்த இடம் விட்டிருப்பதாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அப்படிப்பட்ட காரில் ஸ்க்ரூவைக் கழற்றி சிப்பைச் செருகினால் வேலை முடிந்தது. பழைய காரில் சால்டரிங் இரும்பை எடுத்தாக வேண்டும்.