டீரிங் குட்-டைம்: கொழும்புக் காற்றைத் தாங்குமா?

பான்ஜோ ஒலிக்கும் ஆங்கில ஃபோக் ரொக் குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் முதல் ஆல்பம் 2009இல் வந்தபிறகு, பான்ஜோ ஆசை கிற்றார்காரர்களையும் பிடித்துக்கொண்டது. கடையில் கேட்கும்போது 'ஐந்து தந்தி' என்று சேர்த்துச் சொல்லுங்கள். தட்டச்சு இயந்திரம்போல் விசை அழுத்தி வாசிக்கும் புல்புல் தராங்கும் நம் பக்கத்து நாடுகளில் பான்ஜோதான்.

அமெரிக்க டீரிங் நிறுவனத்தின் ஐந்து தந்திப் பான்ஜோதான் குட்-டைம். அதன் கழுத்தும், தோல் மாட்டும் வளையமும் மேப்பிள் மரம். பின்பக்கம் திறந்தது, பாரம் இரண்டு கிலோவுக்குள். பின்மூடி இல்லாததால் சத்தம் முன்னுக்குப் பாயாது. புளூகிராஸ் என்ற வேகமான அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவருக்கு அது குறை. கிற்றாரோடும் குரலோடும் ஒட்டி ஓடவேண்டிய ஃபோக் ரொக்குக்கு அதுவே வசதி.

கன்றுத்தோல் மாட்டிய பான்ஜோ கடலோர வெள்ளவத்தையில் ஒரு மழைக்கே தொய்ந்துவிடும். இதில் இருப்பது பிளாஸ்டிக் தோல். ஆனால் புதுத் தோல் மெல்ல மெல்ல இளகும். தோலின்மேல் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை அமிழும், தந்தி கழுத்திலுள்ள ஃபிரெட் கம்பியில் இடித்து ஜிர்ரென்று இரையும். தந்திகளை அமத்திப் பிடித்து, தோலின் ஓரத்தை விரலால் தட்டி டியூனரைப் பாருங்கள். ஜி அல்லது ஜி ஷார்ப் காட்டவேண்டும். குறைந்தால் தோலை இழுத்துப் பிடிக்கும் 16 கொக்கிகளையும் கார்ச் சில்லுக்கு நட்டு இறுக்குவதுபோல் எதிரெதிராக, தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். அவசரப்பட்டால் தோல் கிழியும்.

குதிரை ஒட்டியதல்ல, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் விழுந்துவிடும். 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம் அங்குள்ள ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) கூடினால் குதிரையை, தந்தி மாட்டும் வால்பக்கத்துக்கும், குறைந்தால் கழுத்துக்கும் மயிரளவு நகர்த்துங்கள்.

உண்மையான தலையிடி தந்திதான். கடற்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும்; வாசித்து முடித்ததும் துடைக்காவிட்டால் இன்னும் சீக்கிரம். பான்ஜோத் தந்தியின் நுனியில் வளையம், கிற்றார்த் தந்தியில் சிறு பித்தளைக் குண்டு. அவசரத்துக்கு 0.010 அங்குலக் கிற்றார்த் தந்தியின் குண்டைக் குறட்டால் நசுக்கி எடுத்தால் வளையம் மிஞ்சும். முதல் தந்திக்கும் ஐந்தாவதுக்கும் அது போதும். மேலே ஒரு துணியைப் போட்டு நசுக்குங்கள், பித்தளை கண்ணுக்குத் தெறிக்கும்.

பாடகர் ஏ சுருதி கேட்டால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை ஒன்றாக அமத்தும் கவ்வி) போட்டால் மட்டும் சரிவராது. குட்டையான ஐந்தாம் தந்தியையும் ஜியிலிருந்து ஏக்கு முறுக்கவேண்டும். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் ஊளையிட்டால், தோலுக்கும், பின்னால் வளையத்தின் குறுக்கே ஓடும் கோலுக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையைச் செருகுங்கள். துவாயை அடைத்தால் சுரம் செத்துவிடும்.