நண்டு ரத்தத்தில் செய்த கிட், மனித ரத்தத்தில் எப்படி வேலை செய்கிறது? 18 மாத அனுபவம்

இந்த எண்டோடாக்சின் கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைச் சோதிக்கப் போகிறீர்கள்? ஊசி மருந்து, டயாலிசிஸ் தண்ணீர் என்றால் தயங்காமல் வாங்கலாம். நோயாளியின் பிளாஸ்மா என்றால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் கெடும் ஆபத்தான நிலை) சந்தேகத்தோடு ஐ.சி.யூ.வில் சேர்பவர்களின் ரத்தத்தில் எண்டோடாக்சின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் வேலை செய்கிறேன். 18 மாதமாக, வாரத்தில் இரண்டு நாள், அந்த மாதிரிகள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடைத்தான் (சுருக்கமாக எல்.பி.எஸ்.) எண்டோடாக்சின் என்கிறோம். பாக்டீரியா செத்து உடைந்த பிறகும் அது ரத்தத்தில் கிடந்து காய்ச்சலைக் கிளப்பும், ரத்த அழுத்தத்தை இறக்கும். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் கல்ச்சர், அதாவது பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளராமல் போவது சகஜம். எண்டோடாக்சின் அப்போதும் இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சோதனை மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

கிட்டின் உயிர், அந்தச் சின்னக் குப்பியில் உறைந்து உலர்ந்த வெள்ளைத் துண்டாக இருக்கும் எல்.ஏ.எல். குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களை உடைத்து எடுத்த சாறு அது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியா உள்ளே போனால் இந்த நண்டின் ரத்தம் கட்டிக்கொள்கிறது என்று 1956இல் ஃபிரெடெரிக் பேங் எழுதினார். பிறகு ஜாக் லெவினோடு சேர்ந்து, அதற்குக் காரணம் எண்டோடாக்சின்தான் என்று காட்டினார். நண்டு ரத்தத்தில் உள்ள ஃபேக்டர் சி எண்டோடாக்சினைத் தொட்டதும் விழித்துக்கொள்கிறது. அது அடுத்த நொதியை எழுப்ப, கடைசியில் ரத்தத்தைக் கட்டவைக்கும் நொதி தயாராகிறது. கிட்டில் அந்த நொதிக்கு ஒரு செயற்கைப் பெப்டைடைக் கொடுக்கிறார்கள், அதுதான் சப்ஸ்ட்ரேட். அதை நொதி வெட்டினால் பாரா நைட்ரோ அனிலின் கழன்று மஞ்சள் நிறம் வரும். அந்த மஞ்சளை 405 நானோமீட்டரில் ரீடர் அளக்கும்.

வேலையின் ஓட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. 37 டிகிரியில் பிளேட், எல்.ஏ.எல். ஊற்றிப் பத்து நிமிடம், சப்ஸ்ட்ரேட் ஊற்றி ஆறு நிமிடம், அப்புறம் அசிட்டிக் அமிலம் விட்டு நிறுத்த வேண்டும். முதல் வரிசைக்கு எந்த வேகத்தில் ஊற்றினோமோ கடைசி வரிசைக்கும் அதே வேகம் வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் நேரம் வேறாகிவிடும். ஸ்டாண்டர்ட் குப்பியை, அதாவது ஒப்பிட்டு அளக்க அளவு தெரிந்த எண்டோடாக்சின் உள்ள குப்பியை, பதினைந்து நிமிடம் முழுதாக வோர்டெக்ஸ் என்னும் குலுக்கும் கருவியில் வைக்க வேண்டும். எண்டோடாக்சின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. ஐந்து நிமிடத்தில் எடுத்தால் ஸ்டாண்டர்ட் கோடு வளைந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 1 யூனிட் வரை கோடு நேராக வருகிறது. 18 மாதத்தில் கிட்டின் கோளாறால் கோடு கெட்டதே இல்லை.

பிளாங்க் கெட்டது உண்டு. ஒரு வாரம் தொடர்ந்து மூன்று பிளேட்டில், வெறும் தண்ணீர் ஊற்றிய வெல்கள் (பிளேட்டில் உள்ள சின்னக் குழிகள்) இளமஞ்சளாகிவிட்டன. தண்ணீரை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் மாட்டியது புதிதாக வந்த பிப்பெட் டிப் பெட்டி. மேலே ஸ்டெரைல் என்று அச்சடித்திருந்தார்கள், உண்மையிலேயே ஸ்டெரைல்தான். ஆனால் ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர எண்டோடாக்சினை அழிக்காது. கண்ணாடியை 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் அது போகும். டிப்பை அப்படிச் சுட முடியாது, எண்டோடாக்சின் இல்லை என்று சான்றிதழ் உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரத்தம் எடுக்கும் டியூபுக்கும் இதே கதிதான். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள், அந்த வகையில் நல்ல கையேடு.

பிளாஸ்மாவுக்கு வந்தால் அதே கையேடு கையை விரிக்கிறது. 'குறுக்கீடு நீங்கும் வரை நீர்க்கச் செய்யவும்' என்று ஒரே ஒரு வரி. அதை நம்பி ஆரம்பத்தில் பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓட்டினேன். எண்டோடாக்சின் இல்லை என்று வந்தது. இரண்டு நாள் கழித்து ஐ.சி.யூ. மருத்துவர் போன் செய்தார். "என்னம்மா, நீங்க இல்லைன்னு போட்டிருக்கீங்க, கல்ச்சர்ல கிளெப்சியெல்லா வளர்ந்திருக்கே?"

அன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை. மைனஸ் 80இல் வைத்திருந்த மீதிப் பிளாஸ்மாவை எடுத்து, அதில் தெரிந்த அளவு எண்டோடாக்சினை நானே சேர்த்து ஓட்டினேன், இதைத்தான் ஸ்பைக் என்பார்கள். 0.5 யூனிட் சேர்த்த இடத்தில் 0.09தான் திரும்பி வந்தது, அதாவது ரிக்கவரி 18 சதவீதம். நானே போட்ட எண்டோடாக்சினையே கிட்டால் பார்க்க முடியவில்லை என்றால், நோயாளியின் உடம்பில் இருந்ததை எப்படிப் பார்த்திருக்கும்? ரத்தத்தில் எண்டோடாக்சினைக் கட்டிப்பிடிக்கும் புரதங்கள் நிறைய: எல்.பி.எஸ். பைண்டிங் புரோட்டீன், ஆல்புமின், அப்புறம் எச்.டி.எல். போன்ற கொழுப்புப் புரதங்கள். அவை பிடித்து வைத்திருந்தால் ஃபேக்டர் சி விழிக்காது. அதே பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, 70 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஓட்டியபோது ரிக்கவரி 84 சதவீதம். ஸ்பைக் சேர்க்காத வெல்லில் ரீடர் காட்டியது 0.26. பத்தால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 2.6 யூனிட் எண்டோடாக்சின், நான் இல்லை என்று எழுதி அனுப்பிய அதே ரத்தத்தில். அதுவரை அனுப்பிய எல்லா ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பத்து மடங்கு நீர்த்ததும் கிட்டின் அடிமட்ட அளவு 0.1இலிருந்து 1 யூனிட்டுக்கு ஏறிவிடுகிறது. 1 யூனிட் என்பது ஏறத்தாழ 100 பிகோகிராம். அதற்குக் கீழே உள்ள நோயாளிகளை இந்தக் கிட்டால் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் நுண்ணுணர்வு தண்ணீருக்கானது, ரத்தத்துக்கானது இல்லை. இதை விற்பனைப் பிரதிநிதி சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, குளூக்கான் பிளாக்கர் பெட்டியில் இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். நண்டு ரத்தத்தில் ஃபேக்டர் ஜி என்று இன்னொன்றும் இருக்கிறது. பூஞ்சையின் பீட்டா குளூக்கானைப் பார்த்தால் அதுவும் விழித்து அதே மஞ்சளைக் கொண்டுவரும். செல்லுலோஸ் சவ்வில் டயாலிசிஸ் செய்தவர்கள், அறுவை சிகிச்சையில் நிறைய காஸ் துணி வைக்கப்பட்டவர்கள், கேண்டிடா தொற்று உள்ளவர்கள் ஆகியோரின் ரத்தத்திலும் குளூக்கான் இருக்கும். ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு 3.1 என்று வந்த அளவு, பிளாக்கர் சேர்த்ததும் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. பிளாஸ்மாவுக்கும் பயன்படும் என்று சொல்லி விற்கும் கிட்டில் இது கட்டாயம் உள்ளேயே இருக்க வேண்டும்.

மஞ்சள் காமாலை பிளாஸ்மாவிலும், சிவப்பணு உடைந்த பிளாஸ்மாவிலும் அவற்றின் சொந்த நிறமே குறுக்கிடுவதால் 405இல் அளப்பது சிரமம். எல்.ஏ.எல். சேர்க்காத அதே பிளாஸ்மாவை ஒரு வெல்லில் வைத்துக் கழித்துவிடுகிறேன். காமாலை கடுமையாக இருந்தால் அதுவும் போதாது.

ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிராம் நெகட்டிவ் இல்லை, அவை விடும் நச்சுகள் புரதங்கள். அவற்றுக்கு ஆன்டிபாடி வைத்துச் செய்யும் எலைசா போன்ற வேறு சோதனைகள் வேண்டும், இந்தக் கிட் அவற்றைப் பார்க்காது. அதனால் எங்கள் ரிப்போர்ட்டின் தலைப்பில் இருந்த 'பாக்டீரியா நச்சு' என்பதை எடுத்துவிட்டு 'எண்டோடாக்சின்' என்று மட்டும் போடச் செய்தேன்.

மாற்று இருக்கிறதா என்றால், இரண்டு இருக்கின்றன. எண்டோடாக்சின் ஆக்டிவிட்டி அஸ்ஸே முழு ரத்தத்தில், நோயாளியின் நியூட்ரோஃபில்களையே (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) வைத்துச் செய்வது. 0.6க்கு மேல் போனால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ரத்தம் அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும், எங்களைப் போல உறைய வைத்து ஓட்டுபவர்களுக்கு ஒத்துவராது. மற்றொன்று ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி, அதாவது மரபணு முறையில் ஆய்வகத்தில் தயாரித்த ஃபேக்டர் சி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது, நண்டைத் தொடவே தேவையில்லை. ரத்தம் எடுத்துக் கடலில் விடப்படும் நண்டுகளில் ஒரு பகுதி செத்துப்போகின்றன என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம். ஃபேக்டர் ஜி இல்லாததால் குளூக்கான் தொல்லையும் இதில் கிடையாது. ஃபுளோரசன்ஸ் ரீடர் மட்டும் வேண்டும். சேமித்து வைத்த இருபது பிளாஸ்மாவில் ஓட்டிப் பார்த்தேன். சூடுபடுத்தும் வேலை அதிலும் தப்பவில்லை, புரதங்கள் அங்கேயும் எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்கின்றன.

தண்ணீருக்கும் மருந்துக்கும் இந்தக் கிட்டுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். பிளாஸ்மாவுக்கு மூன்று, அதுவும் ஸ்பைக் வைத்து ஓட்டுபவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு வெல் ஸ்பைக்குக்கு ஒதுக்குகிறேன், பிளேட்டில் இடம் குறைகிறது, பரவாயில்லை. ரிக்கவரி 50க்குக் கீழேயோ 200க்கு மேலேயோ போனால் அளவை வெளியே விடுவதில்லை. ஆர்டர் கொடுக்கும்போது எல்.ஏ.எல்.லும் ஸ்டாண்டர்டும் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்ட லாட்தானா (தயாரிப்புத் தொகுதிதானா) என்று சான்றிதழில் பார்த்து வாங்குங்கள். புது லாட் வந்ததும் பழைய லாட்டில் ஒரு குப்பியை மிச்சம் வைத்து, ஒரே பிளாஸ்மாவை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.