டியூபுலர் டயர்: 6 வருஷமா க்ளூ தடவிக்கிட்டு இருக்கேன்

எல்லாரும் டியூப்லெஸ்ஸுக்குப் போயாச்சு, நீ மட்டும் ஏன்ணே இன்னும் க்ளூவும் பிரஷ்ஷுமா உக்காந்திருக்கன்னு கூட சைக்கிள் ஓட்டுற பசங்க கேக்குறாங்க, அதுக்குத்தான் இது. 6 வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்டுல ஒரு ஜோடி அலுமினிய டியூபுலர் வீல் வாங்கினேன். இதுல டியூப்ப உள்ள வெச்சு டயரையே தெச்சு மூடிருப்பாங்க, ரிம்முல பிடிக்கிறதுக்கு ஓரம் கெடையாது, காத்தும் க்ளூவும்தான் தாங்கணும்.

மொத தடவ நானே செய்ய பயந்து ஒரு கடையில குடுத்தேன். மூணு வாரம் இருக்கும், நம்ம சிங்கப்பூர் சாங்கி கோஸ்ட் ரோடு போய்ட்டு வந்து காத்தடிக்க குனிஞ்சா, நேரா நின்ன வால்வு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. டயர் ரிம்மு மேல நகருதுன்னு அர்த்தம். காத்த எறக்கிட்டு கட்டைவிரலால ஓரத்த தள்ளுனேன், வெந்த தோசை கல்ல விட்டு கெளம்புற மாதிரி லேசா வந்துருச்சு. பாத்தா ரிம்முல மட்டும்தான் தடவிருக்காங்க, டயருக்கு அடியில ஓடுற அந்தத் துணிப்பட்டி சுத்தமா காஞ்சு வெள்ளையா கெடக்குது. இதுலயா 40 கிலோமீட்டர் வேகத்துல போனோம்னு நெனச்சா இப்பவும் கை நடுங்கும்.

அப்புறம் எல்லாமே நான்தான். புது டயர பழைய ரிம்முல க்ளூ இல்லாம மாட்டி, காத்தடிச்சு ரெண்டு மூணு நாள் விட்ருவேன், இல்லாட்டி கடைசி ஒரு சாண் ஏத்துறதுக்குள்ள விரல் போய்ரும். ரிம்ம அசிட்டோன் போட்டு தொடச்சு, மெல்லிசா ஒரு கோட், ராத்திரி முழுக்க காயணும், மறுநாள் இன்னொரு கோட். துணிப்பட்டிக்கும் அதே மாதிரி ரெண்டு. இதுல எல்லாரும் சறுக்குற எடம் ரிம்மோட ரெண்டு ஓரம், நடுவுல கொட்டிட்டு ஓரத்த விட்டா பிடிக்காது. மூணாவது நாள் ரிம்முக்கு கடைசியா ஒரு மெல்லிசு கோட் குடுத்து, ஈரம் போகுறதுக்குள்ள வால்வு ஓட்டையில ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமா இழுத்து ஏத்தணும். கொஞ்சமா காத்தடிச்சு சக்கரத்த சுத்தி விட்டு, பட்டி ரெண்டு பக்கமும் ஒரே அளவு தெரியுதான்னு பாத்து நெளிவ எடுத்துட்டு, அப்புறம் ஃபுல் காத்து, ஒரு நாள் தொடக்கூடாது. கார்பன் ரிம்னா அதுக்குன்னு தனி க்ளூ இருக்கு, கான்டினென்டல்ல ரெண்டும் வருது, மாத்தி வாங்கிறாதீங்க.

வீவக அடுக்குமாடி வீட்டுல இத செய்றது பெரிய ரோதனை. காரிடார்ல தடவுனா பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன வாடன்னு எட்டிப் பாப்பாங்க, உள்ள வெச்சா வீட்டுக்காரம்மா என்ன உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. மழ நாள்ல கோட் காய ரொம்ப நேரமாவுது, தொட்டா பிசுபிசுன்னே இருக்கும், அன்னிக்கு நான் தொடவே மாட்டேன். இன்னொண்ணு, மத்தியான வெயில்ல ஓப்பன் கார்பார்க்ல நிக்கிற வண்டிக்குள்ள வீல விட்டுட்டு போகாதீங்க, சூட்டுல க்ளூ எளகும்.

சூடுன்னதும் ஸ்பெயின் சைக்கிள் வீரர் பெலோகி ஞாபகம் வருது. 2003 டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல கேப் ஊருக்கு எறங்குற ரோட்டுல தார் உருகிக் கெடக்க, பின் சக்கரம் லாக் ஆகி, டயர் ரிம்ம விட்டு கழண்டு மனுஷன் தொடை எலும்பு ஒடஞ்சு போனாரு. நம்ம ஊர்ல அவ்ளோ நீள எறக்கம் எங்க இருக்கு, புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான், ஃபேபர் மலை எறங்குறதுக்குள்ள முடிஞ்சுரும். ஆனாலும் மாசம் ஒருக்கா காத்த எறக்கி கட்டைவிரல் டெஸ்ட் பண்ணிருவேன்.

பஞ்சர் 6 வருஷத்துல நாலு, மூணு சீலன்ட்லயே, அதான் உள்ள ஊத்துற ஓட்டை அடைக்கிற திரவத்துலயே, அடைஞ்சுது. நாலாவது கண்ணாடி கிழிச்சது, சீட்டுக்கடியில ஏற்கனவே க்ளூ தடவி காய வெச்ச டயர மடிச்சு கட்டி வெச்சிருந்ததால மாட்டி, வளைவுல சாயாம மெதுவா ஓட்டி வந்தேன், புது கோட் இல்லாத டயர நம்பி வேகம் போகக்கூடாது. உள்ள இருக்குறது காத்து சீக்கிரம் கசியுற லேடெக்ஸ் டியூப்னால ஒவ்வொரு காலையும் பம்ப் அடிக்கணும், அது ஒரு எரிச்சல்.

வேலைக்கு தெனம் ஓட்டுற பைக்குக்கு வேண்டவே வேணாம், அதுக்கு நானே சாதா டயர்தான் போட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம விடியக்காலம் லிம் சூ காங் ரோட்டுல 95 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல அது உருளுற சத்தமும் அந்த மெதுமெதுப்பும் வேற எதுலயும் எனக்கு கெடைக்கல, அதுக்காகத்தான் மூணு ராத்திரி வேலையும். போன வாரம் வந்த டயர் ஒண்ணு இப்ப ஸ்டோர் ரூம்ல பழைய ரிம்முல இழுபட்டுக்கிட்டு கெடக்குது, மழ விட்டா நாளைக்கு மொத கோட்.