கேம் கியரின் பவர் போர்டு: பழையதைச் சீரமைப்பதா, புதியதைப் பொருத்துவதா?

உயிர் வராத கேம் கியர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைத் திறந்து வைத்திருப்பவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய பவர் போர்டின் மின்தேக்கிகளை மாற்றிச் சீரமைப்பது, அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் கிடைக்கும் புதிய போர்டைப் பொருத்துவது, ஆறு பேட்டரிகளையும் கைவிட்டு மின்னேற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு மாறுவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, கருவியில் இருப்பது அதன் பழைய திரையா, பின்னர் மாற்றிப் பொருத்திய புதிய திரையா என்று முதலில் கேட்பது நல்லது. பாதி முடிவு அந்த விடையிலேயே இருக்கிறது.

சேகா நிறுவனம் 1990-இல் ஜப்பானில் வெளியிட்ட இந்தக் கருவியின் பவர் போர்டு, ஆறு டபுள் ஏ பேட்டரிகளின் ஏறத்தாழ 9 வோல்ட்டை வாங்கி இரண்டு மின்னழுத்தங்களாக மாற்றித் தருகிறது. ஒன்று, சில்லுகள் இயங்குவதற்கான 5 வோல்ட். மற்றொன்று, திரவப் படிகத் திரைக்குத் தேவையான, 30 வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம். இந்த இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1989-இல் வந்த நின்டெண்டோவின் முதல் கேம் பாய் கருவியிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே திரைக்குச் செல்வது எதிர்மறை மின்னழுத்தம் என்பதே வேறுபாடு. ஆகவே 5 வோல்ட்டை மட்டும் அளந்து பார்த்துப் போர்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு.

மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன் ஃபியூஸையும், பேட்டரி முனைகளில் படிந்த பச்சைக் களிம்பையும், மின் சுவிட்சின் அழுக்கையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் வழியான சீரமைப்புக்குச் செலவு மிகக் குறைவு; உழைப்போ அதிகம். முப்பது ஆண்டுகளைக் கடந்த மின்பகு மின்தேக்கிகளில் திரவம் கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் எழும் மீன் நாற்றமே கசிவுக்குச் சாட்சி. பவர் போர்டில் இருப்பவை துளை வழியே கால் நுழைத்த வகையைச் சேர்ந்தவை என்பதால், மெயின் போர்டிலும் ஒலிப் போர்டிலும் மேற்பரப்பிலேயே பற்றவைத்த வகைகளைவிட இவற்றைக் கழற்றுவது எளிது. பழைய இணைப்பில் சிறிது புதிய ஈயத்தைச் சேர்த்து உருக்கினால், தடம் பெயராமல் கால்கள் விடுபடும். கசிவை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே புதியவற்றை வைக்க வேண்டும். கொள்ளளவும் வோல்ட் மதிப்பும் பொருந்தினால் போதும் என்று சாதாரண மின்தேக்கிகளைப் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. இது மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று. உள்மின்தடை குறைந்த வகையைப் போடாவிட்டால் வெளியீட்டில் அலைவு மிகுந்து மின்தேக்கி சூடேறும், அதன் ஆயுளும் குறையும்.

பவர் போர்டைச் சரிசெய்ததும் கருவி முழுவதும் தேறிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒலி மங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் ஒலிப் போர்டிலும், படம் வெளிறியிருந்தால் மெயின் போர்டிலும் இருக்கும். திரைக்கு ஒளி தரும் பின்னொளிக் குழாய்க்குச் செல்லும் இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் என்பதால், மின்சாரம் பாயும்போது அங்கே விரல் போகக் கூடாது.

புதிய போர்டு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. தடங்கள் அரித்துப்போன கருவிகளுக்கு அதைவிட நேர்மையான தீர்வு இல்லை. நவீன மாற்றிச் சில்லுகள் குறைந்த இழப்புடன் இயங்குவதால் சூடும் குறையும். ஆனால் பழைய திரையை வைத்திருப்பவர், வாங்கும் போர்டு திரைக்கான உயர் மின்னழுத்தத்தையும் தருகிறதா என்று விவரக்குறிப்பில் உறுதிசெய்ய வேண்டும். அது இல்லையென்றால் ஒலி வரும், படம் வராது. ஐபிஎஸ் என்ற நவீன வகைத் திரைக்கு மாறியவருக்கு அந்தக் கவலையும் இல்லை, மின்னைக் குடிக்கும் குழல் விளக்கும் இல்லை. அவர் பழைய பவர் போர்டோடு போராடுவதில் எனக்குப் பெரிய பொருள் தெரியவில்லை. பழைய திரை நல்ல நிலையில் உள்ள கருவிக்கோ, தடங்கள் பிழைத்திருக்கும்வரை சீரமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

லித்தியம் வழி கவர்ச்சியானது. மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஆறு பேட்டரிகளைத் தின்றுவிடும் கருவி என்பதால் அந்த ஆசை நியாயமானதே. ஆயினும் 3.7 வோல்ட் செல்லிலிருந்து 5 வோல்ட்டை எடுக்க மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். கருவிக்கு 2 வாட் தேவை என்று கொண்டால், இழப்பைக் கணக்கில் சேர்க்காமலே, 9 வோல்ட்டில் 0.22 ஆம்பியர் எடுக்கும் சுற்று 3.7 வோல்ட்டில் 0.54 ஆம்பியர் எடுக்கும். பழைய சுவிட்சும் மெல்லிய கம்பிகளும் அந்தச் சுமைக்கு எண்ணி வைக்கப்பட்டவை அல்ல. மலிவான உயர்த்திச் சுற்றின் இரைச்சல் ஒலிபெருக்கியிலும் கேட்கும். கேம் பாயில் இதே மாற்றத்தைச் செய்வோருக்கு இன்னொரு இழப்பும் உண்டு: பேட்டரி வற்றும்போது மெல்ல மங்கி எச்சரிக்கும் சிவப்பு விளக்கு, நிலையான மின்னழுத்தத்தில் கடைசிவரை பிரகாசமாகவே எரிந்து, கருவியோடு சேர்ந்து திடீரென அணைந்துவிடும்.

மின்னூட்ட வசதி மட்டுமே நோக்கமென்றால், ஆறு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் தரும் 7.2 வோல்ட்டிலேயே கேம் கியர் ஓடும்; அதற்கு ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டியதில்லை.