"பாக்டீரியா ஒட்டாத" வயர்னு சொல்லி 23,600 ரூபாய் சுருட்டிட்டாங்க: கிளிப் போடுற கிளினிக்காரங்க கவனத்துக்கு

கோபத்துலதான் எழுதறேன், கோர்வையா இல்லைன்னா பொறுத்துக்கங்க.

சென்னையில சின்ன கிளினிக்குகளைக் குறிவைச்சு ஒரு ஆன்லைன் டென்டல் மெட்டீரியல் கடை வாட்ஸ்அப்ல ஆர்டர் பிடிக்குது. பேர் போடலை, வக்கீல் நோட்டீஸ்னு மிரட்டறதுல கெட்டிக்காரங்க. சரக்கு, பல் நிறத்துல பூச்சு போட்ட நைட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) வயர். "டெஃப்லான் பிளஸ் டைட்டானியம் டை ஆக்சைடு, பாக்டீரியாவைக் கொல்லும், பிளேக் படியவே படியாது"ன்னு விளம்பரம் (பிளேக்னா பல்லுல படியற பாக்டீரியாப் படலம்). பத்து வயர் பாக்கெட் 1,180 ரூபாய். 014, 016 (விட்டம் 0.014, 0.016 அங்குலம்) ரெண்டு சைஸ்லயும் மேல்தாடை, கீழ்தாடைன்னு 20 பாக்கெட். மொத்தம் 23,600 ரூபாய், முழுசும் முன்பணம்.

நம்ப வைச்ச விதம்தான் வயிறு எரியுது. முதல்ல ரெண்டு வயர் இலவச சாம்பிள். அது நிஜமான டெஃப்லான். அசிட்டோன் நனைச்ச பஞ்சால தேய்ச்சாலும், ஆட்டோகிளேவ்ல (நீராவியில கிருமி நீக்கற மெஷின்) 121 டிகிரியில 15 நிமிஷம் போட்டு எடுத்தாலும் பூச்சு அசையலை. கூடவே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தோட லேப் ரிப்போர்ட் பிடிஎஃப். "மேடம், நீங்களே செக் பண்ணிப் பாருங்க, அப்புறம் பணம் போடுங்க, எனக்கு அவசரமே இல்லை"ன்னார் அந்தக் கடை ஆள். இப்படிப் பேசறவரை யாருங்க சந்தேகப்படுவா? பார்சல்லயும் அதே சாமர்த்தியம். மேலடுக்குல ரெண்டு பாக்கெட் நல்ல சரக்கு, அடியில இருந்ததெல்லாம் பெயின்ட்.

அந்த அடிச் சரக்கு போட்ட வாய்களைப் பார்த்தா, பிராக்கெட் (பல்லுல ஒட்டற கிளிப் துண்டு) ஸ்லாட்டோட, அதாவது வயர் உட்கார்ற பள்ளத்தோட, விளிம்பு உரசுற இடத்துல பூச்சு நகச்சாயம் மாதிரி செதில் செதிலா உரிஞ்சிருக்கு. உரிஞ்ச ஓரம் பூரா மஞ்சளாப் பிளேக்.

இதுல விஷயம் என்னன்னா, எந்த வயரா இருந்தாலும் வாயில போட்ட சில நிமிஷத்துலயே எச்சில் புரதம் மெல்லிய படலமாப் படிஞ்சிடும். பாக்டீரியா ஒட்டறது அந்தப் படலத்து மேலதான். டெஃப்லானோட பரப்பு ஆற்றல் குறைவு, அதனால புதுசா இருக்கறப்போ ஒட்டல் குறையும், அது உண்மை. ஆனா பரப்போட சொரசொரப்பு 0.2 மைக்ரானைத் தாண்டினா பிளேக் கூட ஆரம்பிக்கும். உரிஞ்ச பூச்சோட மேடுபள்ளம், பிளவு எல்லாம் அதைவிடப் பல மடங்கு பெரிசு. பிரஷ் முடி உள்ள போகாது, சொத்தைப்பல் உண்டாக்கற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா சொகுசா உட்கார்ந்துக்கும். அரைகுறையா உரிஞ்ச பூச்சுக்குப் பூச்சே இல்லாத வயர் எவ்வளவோ தேவலை.

அடுத்த பித்தலாட்டம் டைட்டானியம் டை ஆக்சைடு. அது பாக்டீரியாவைக் கொல்றது ஒளி பட்டாத்தான், அதுவும் சாதாரண அனட்டேஸ் வகைக்கு சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழ உள்ள புற ஊதா ஒளி வேணும். மூடின வாய்க்குள்ள அது எங்கேருந்து வரும்? பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கறதும் இதே பொருள்தான், அந்த மட்டுக்கு லேபிள் பொய் சொல்லலைன்னு வைச்சுக்கலாம்.

016 வயருக்கு விட்டம் 0.406 மில்லிமீட்டர் இருக்கணும். மைக்ரோமீட்டர்ல வைச்சா பூச்சோட 0.41 காட்டுது. பூச்சைச் சுரண்டிட்டு வைச்சா 0.36. அதாவது உள்ளே இருக்கறது 014. உருண்டை வயரோட விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல மாறும், கணக்குப் போட்டா சுமார் 40 சதவீதம் போச்சு. பல் திரும்பலை, சீக்கிரம் நகரலைன்னா டாக்டரைத்தானே திட்டுவாங்க? நல்ல கம்பெனிகளும் பூச்சுக்காக உள்வயரை மெலிசாக்கறது உண்டு, ஆனா அதைச் சொல்லித்தான் விப்பாங்க.

கேட்டதுக்கு வந்த பதில்களைப் பாருங்க. முதல்ல "பிளையர் போட்டுக் கீறியிருப்பீங்க." பிளையரே படாத நடுப்பகுதி போட்டோ அனுப்பினா "பேஷன்ட் பிரஷ் பண்ணலை." பிரிக்காத பாக்கெட்டை வீடியோவுல பிரிச்சு அசிட்டோன்ல தேய்ச்சுக் காட்டினா "சீல் உடைச்சா ரிட்டர்ன் கிடையாது." சீலை உடைக்காம வயரை எப்படிங்க தேய்க்கறது? அப்புறம் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." கூப்பிடலை. 23,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் "கிளினிக்குக்கு வாங்கினது வணிகம், நீங்க நுகர்வோரே இல்லை"ன்னு சட்டம் பேசி பிளாக் பண்ணிட்டாங்க. அதுவும் பாதிப் பொய். 2019 நுகர்வோர் சட்டத்துல, சுயதொழில் பண்ணிப் பிழைக்க வாங்கினது வணிகக் கணக்குல வராது, அப்படி வாங்கினவங்களும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு.

டிப்ஸ் விரிவா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், கை நடுங்குது. அவசரமா நாலு வார்த்தை.

சாம்பிளை நம்பாதீங்க, பார்சலைப் பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க, அடிப் பாக்கெட்ல ஒரு வயரை அசிட்டோன்ல தேய்ச்சுட்டு மைக்ரோமீட்டர்ல வைங்க. லேபிள்ல பேட்ச் எண், உற்பத்தியாளர் முகவரி இல்லாத சரக்கு வேண்டாம். முழு முன்பணம் கேட்டா மருத்துவச் சாமான் கடைகள் இருக்கற சென்னை நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு நேர்ல போய், கையில பார்த்து, பில் போட்டு வாங்குங்க.

கிளிப் போட்ட பிள்ளைகளோட அப்பா அம்மாவுக்கு: "ஸ்பெஷல் வயர்"னு கூடுதல் பணம் கேட்டா, பிளேக்குக்காகன்னா கொடுக்காதீங்க. பிளேக் அதிகம் சேர்றது வயர்ல இல்லை, பிராக்கெட்டைச் சுத்தியும், வயரை அதுல பிடிச்சு வைக்கற ரப்பர் வளையத்துலயும்தான். ஒழுங்கா தேய்க்கலைன்னா ஒரு மாசத்துலயே பல்லுல வெள்ளைத் திட்டு வந்துடும். ரப்பருக்குப் பதிலா ஸ்டீல் கட்டு போட முடியுமான்னு கேளுங்க, இடுக்கு பிரஷ்ஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் வாங்கிக் கொடுங்க. பூச்சு உரிஞ்சு தெரிஞ்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போய் மாத்தச் சொல்லுங்க.

இதே கடையில ஏமாந்தவங்க இருந்தா கமென்ட்ல பேட்ச் எண்ணை மட்டும் போடுங்க, எல்லாத்தையும் சேர்த்து ஒரே புகாரா கொடுக்கலாம்.