உறுமி வாசிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

பினாங்கில் உறுமி வாசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளுக்கு முன்னால் பல வருடங்களாக வாசிக்கிறான். வளைந்த குச்சியைத் தோலில் அவன் இழுக்கும்போது எழும் உறுமலில் எனக்கு மெய்சிலிர்க்கும். தாய்மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்தே பிழைக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அந்த ஆசையைப் பார்த்துத்தான் ஒருவர் வந்தார்.

தாய்லாந்தில் மூன்று மாதச் சுற்றுப்பயணம், மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் என்றார். பதிவுக்கும் உடைக்கும் 4,500 ரிங்கிட் முன்பணம் கேட்டார். அக்கா தாலிக்கொடியை அடகு வைத்துத் தனிநபர் கணக்கு ஒன்றில் கட்டினாள். ஒப்பந்தம் எழுதவில்லை, ரசீதும் வாங்கவில்லை. நானும் கேட்காமல் விட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

வேன் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையை நெருங்கியபோது, "கேட்டால் சுற்றுலா என்று சொல்லுங்கள்" என்றிருக்கிறார். பிள்ளைகளுக்கு அதன் பொருள் புரியவில்லை. தாய்லாந்தில் வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வாசிப்பது குற்றம். பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடுகடத்தல். எல்லை தாண்டியதும் பத்திரமாக வைக்கிறேன் என்று எல்லோருடைய கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) வாங்கிக்கொண்டார். உரிய அனுமதியின்றி இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ் சட்டப்படி குற்றம்.

ஹாட்யாயில் ஓர் உணவகத்தில் பதினோரு இரவுகள் வாசித்தார்கள். சம்பளம் கேட்டால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தாயிற்று என்று பதில். பன்னிரண்டாம் நாள் நள்ளிரவில் அழைத்தான். "மாமா, அம்மாவிடம் சொல்லாதீர்கள், நகையை நினைத்து அழுவார்" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சொங்க்லாவில் உள்ள மலேசியத் தூதரக அலுவலகத்துக்குப் போகிறேன் என்று அந்த ஆளிடம் சொன்ன பிறகே கடப்பிதழ் கைக்கு வந்தது. பையன் வீடு திரும்பிவிட்டான். போலீஸில் புகார் கொடுத்தோம். ஆனால் பணம் கட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. ஏமாந்தது தெரிந்த நிமிடமே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். கட்டுவதற்கு முன்பே அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்திலும், நிறுவனப் பெயரை எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவிலும் தேடிப் பாருங்கள். வேலை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளையை வேனில் ஏற்றாதீர்கள்.

அவனுடைய உறுமியைக் கடனுக்கு ஈடு என்று சொல்லி அந்த ஆள் பிடித்துவைத்திருக்கிறார். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது. இடப்பக்க வளையத்தில் சிவப்புத் துணி சுற்றி, அதன்மேல் சிறிய பித்தளை வேல் ஒன்றைக் கட்டியிருப்பான். எங்காவது யாராவது விற்கக் கொண்டுவந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.