கான்டெஸாவுக்கு ஒரு வாத்து வால்: புதூர் பைபர் பட்டறையில் செய்த ஸ்பாய்லர்

அப்பா வாங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா கிளாசிக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1.8 இசுஸூ பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், பின்சக்கரம் தள்ளும் வண்டி. நாலு கதவு வைத்ததை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள், கேட்கட்டும், நான் சின்னப் பையனாக இருந்தபோது மதுரை தெப்பக்குளம் பக்கம் ஒரு வண்டி போனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது இதைத்தான். கம்பெனி உத்தர்பாரா தொழிற்சாலையில் 2002-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டதால் கண்ணாடிக்கு ரப்பர் வேண்டுமென்றாலும் அலைய வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியின் டிக்கி மேல் இரண்டு கால் வைத்த றெக்கை ஒன்று, அதாவது காற்றை வெட்ட மாட்டும் ஸ்பாய்லர், இருந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் மாட்டினார்கள், அப்பாவும் மாட்டினார். போன வருடம் அதைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. கால்களுக்குப் போட்ட நாலு ஓட்டையிலும் வாஷர் இல்லை, ரப்பர் இல்லை, வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் இறங்கி மூடியின் உள்தகடு சல்லடையாகக் கிடந்தது. டிங்கரிங் செய்பவர் அழுகிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து முடிக்க எட்டு நாள் ஆனது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்பாய்லருக்கு அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

றெக்கை போன பிறகு டிக்கி மொட்டையாகத் தெரிந்தது. 1,850 ரூபாய்க்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஒட்டினேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றால் எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. கான்டெஸா டிக்கியின் விளிம்பு பார்க்க நேராக இருந்தாலும் நடுவில் லேசாக மேடு உண்டு, அதனால் பட்டையின் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நின்றன. ஏப்ரல் வெயிலில் இரண்டு பக்க டேப் இளகி, ஒரு மதியம் ஒத்தக்கடை சிக்னலில் பாதிப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அப்புறம்தான் நண்பர் ஒருவர் கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் இந்தப் பைபர் (கண்ணாடி இழை) பட்டறைக்குக் கூட்டிப் போனார். போர்டு கிடையாது. மினி பஸ்ஸுக்கு முன்முகம், தண்ணீர்த் தொட்டி, ஆட்டோவுக்கு மட்கார்டு, இதுதான் அவர்களுக்குச் சோறு போடுகிற வேலை. மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். போனில் ஒரு படம் காட்டினேன், 1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7. பின்னால் வாத்து வால் மாதிரி நிமிர்ந்து நிற்கும் அந்த மூடி.

அந்த வாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 911-க்கு எஞ்சின் பின்னால், கூரை சரிந்து இறங்கும். சரிவில் ஒட்டிக்கொண்டே வேகமாக ஓடும் காற்று பின்பக்கத்தை மேலே தூக்கும், வேகம் ஏற ஏறப் பின்சக்கரத்துக்குத் தரையில் பிடி குறையும். காற்றை அந்த இடத்தில் வெட்டிவிடத்தான் அந்த வால். பந்தயத்தில் ஓட்ட அனுமதி வாங்க 500 வண்டி விற்றால் போதும் என்று இறங்கினார்கள், கடைசியில் 1,580 வண்டி செய்ய வேண்டியதாயிற்று. அதே காலத்து பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்எல் வண்டிக்கு ஜெர்மனியில் றெக்கை மாட்டிச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை என்பதால், கம்பெனியே அதை டிக்கிக்குள் வைத்துக் கொடுத்தது. 1978-ல் வந்த 911 டர்போ 3.3-ன் தாம்பாளம் போன்ற றெக்கைக்குள், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் உட்கார்ந்திருந்தது. முதல் ஆடி டிடி வால் இல்லாமல் வெளிவந்து, அதிவேகத்தில் பின்பக்கம் நழுவி விபத்துகள் நடந்த பிறகு, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்து ஸ்பாய்லர் மாட்டிக் கொடுத்தார்கள். கம்பெனி வைத்தால் எப்போதும் வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. லம்போர்கினி கௌன்டாச் வண்டியின் பெரிய றெக்கை உச்ச வேகத்தைக் குறைத்தது, ஆனாலும் வாங்கியவர்கள் கேட்டு மாட்டிக்கொண்டார்கள். அழகு அப்படி.

மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டிக்கிய மட்டும் கழட்டிட்டு வந்தீகளா, வண்டியோட வந்தீகளா?" வண்டியோடு என்றேன். "அதான் சரி தம்பி. கழட்டிட்டா மூடி ஒரு வாட்டத்துல நிக்கும், மாட்டுனா வேற வாட்டம்." அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூடியில் டேப் ஒட்டி, மெழுகு தேய்த்து, அதன் மேலேயே பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) வைத்து வாலைச் செதுக்கினார்கள். தெர்மாகோல் வைத்தால் ரெசின், அதாவது பைபரை இறுக வைக்கும் பிசின், பட்டதும் கரைந்துவிடுமாம். மேலே பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துச் சரி என்ற பிறகுதான் அதிலிருந்து மோல்டு எடுத்தார்கள். நான் கேட்டது இரண்டு விரல் உயரம் அதிகம், மாஸ்டர் குறைக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி, கான்டெஸாவின் பின்பக்கம் பெட்டி மாதிரி, 911 அளவுக்கு நிமிர்த்தினால் ஒட்ட வைத்தது போலத் தெரியும்.

மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டும் வேலை காலை ஏழு மணிக்கு முன்னால்தான். வெயில் ஏறினால் ரெசின் டப்பாவிலேயே இறுகிப் போகும், அதனால் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும் குறைத்தே விடுகிறார். மோல்டில் முதலில் பூசும் மேல்பூச்சான ஜெல் கோட் காய்ந்ததும் இரண்டு அடுக்கு மேட், பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுகிறார். மோல்டிலிருந்து பிரித்ததும் பானை வாங்குகிறவர் போல விரலை மடக்கி முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. நின்றார், பேனாவால் வட்டம் போட்டார், அந்த இடத்தை வெட்டி மறுபடி மேட் வைத்தார். எனக்குக் காட்ட வேண்டும் என்று செய்யவில்லை, நான் இருப்பதையே மறந்திருந்தார்.

எடை 1 கிலோ 900 கிராம், பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இது முக்கியம். பழைய றெக்கையின் கனத்தில் டிக்கி மூடி திறந்து நிற்காமல் தலையில் விழும், இப்போது தானாக நிற்கிறது. உள்ளே போல்டுகளைப் பைபருக்குள்ளேயே பதித்திருக்கிறார். மூடியில் போட்ட நாலு ஓட்டையின் விளிம்புக்கும் ஜிங்க் பிரைமர், ரப்பர் வாஷர், மேலே கண்ணாடி ஒட்டுகிற சீலன்ட். ஆடி மாதம் ஒரு பெரிய மழைக்குப் பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது.

குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்றார், ஐந்து வாரம் ஆனது. சித்திரைத் திருவிழா நடுவில் வந்தது, எதிர்சேவைக்குப் போன ஆட்கள் நாலு நாள் கழித்துத்தான் திரும்பினார்கள், அது எனக்கும் புரியும். ஆனால் போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பைபரை பெயிண்ட் அடிக்கும் முன் சில நாள் வெயிலில் போட்டு வையுங்கள் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் இடது முனையில் இரண்டு ஊசி ஓட்டை கிளம்பியது. பைபர் வேலையைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார், பெயிண்ட் செலவு மறுபடி எனக்கு.

சாலையில் வித்தியாசம் தெரிகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விருதுநகர் வரை நாலுவழிச் சாலையில் போய் வந்தேன், 100-ல் எதுவும் தெரியவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்காகும். 160-ல் இருப்பதில் கால்பங்குதான் 80-ல் கிடைக்கும். நம் ஊர் வேகத்தில் இது தோற்றத்துக்காகத்தான், நான் செய்ததும் அதற்காகத்தான். மாலை வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தோளில் தொடங்கும் கோடு வாலில் வந்து முடிகிறது, நான் நினைத்தது அப்படியே வந்திருக்கிறது.

மோல்டோடு சேர்த்து 6,500, பெயிண்ட் வெளியே 3,500. மோல்டு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது, கான்டெஸா வைத்திருப்பவர்களுக்கு 4,000-க்குள் செய்து தருவதாகச் சொன்னார். போகிறவர்கள் காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் உப்புத்தாள் தூசி பறக்கும், முகத்தில் கட்ட ஒரு துண்டு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே றெக்கை மாட்டிய மூடி என்றால் டிங்கரிங்கை முடித்துவிட்டுப் போங்கள், துருப்பிடித்த தகட்டின் மேல் அவர் மோல்டு எடுக்க மாட்டார்.